வாரிசுச் சண்டைத் தொடர்களில் கூண்டில் ஏற்றப்படாத பெரியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சிக் குடும்பத் தொடர்களைக் குறைகூறி வாசகர் பகுதிகளில் அவ்வப்போது கடிதங்கள் வருவதைப் பார்க்கிறேன். தொடர்கள் பெண்களைக் கெடுக்கின்றன, மாமியார் மருமகள் பகையை வளர்க்கின்றன, பிள்ளைகளின் படிப்பைப் பாழாக்குகின்றன என்பவையே அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறைகள். அவற்றில் எனக்கு அவ்வளவாக உடன்பாடு இல்லை. நானும் என் மனைவியும் ஓய்வுக்காலத்தில் தொடர் பார்ப்பவர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. என் குறை வேறு. ஏறக்குறைய எல்லாத் தொடர்களையும் தாங்கி நிற்பது வாரிசுப் போட்டி, அதாவது ஒரு பெரியவர் உண்டாக்கிய தொழிலையும் சொத்தையும் அவருக்குப் பின் யார் ஆள்வது என்ற சண்டை. அந்தச் சண்டைக்கான பழியைத் தொடர்கள் ஆள் மாற்றிப் போடுகின்றன என்பதே நான் சொல்ல வந்தது.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். 31 ஆண்டுகள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். எங்களிடம் கணக்கு கொடுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பமாகத் தொழில் நடத்தியவர்கள். அப்பா தொடங்கியது, மகன்கள் சேர்ந்தது, மருமகன் உள்ளே வந்தது, பேரன் படித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் மாற்றப் பார்த்தது என்று ஒவ்வொரு பேரேட்டுக்குப் பின்னாலும் ஒரு தொடருக்கு வேண்டிய கதை இருந்தது. வரவும் செலவும் பொருந்தாத ஆண்டுகளைவிட அண்ணனும் தம்பியும் பொருந்தாத ஆண்டுகளில்தான் எங்களுக்கு வேலை அதிகம்.

தொடர்களில் இந்தச் சண்டை நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரியவர் கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி உழைத்து உயர்ந்தவராக இருப்பார். மூத்த மகன் ஆணவக்காரன், இரண்டாமவன் மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாதவன், கடைசி மகன் நல்லவன், ஆகவே வீட்டைவிட்டு விரட்டப்பட்டவன். மகள் ஒருத்தி இருந்தால் புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்து கலகம் மூட்டுவாள். பெரியவருக்கு நெஞ்சுவலி வரும். பீரோவில் இருந்த பத்திரம் காணாமல் போகும். மயங்கிக் கிடப்பவரின் கட்டைவிரலில் மை தடவப்படும். மறுநாள் காலையில் கோட்டு அணிந்த மூத்த மகன் அலுவலகத்துக்குள் நுழைந்து, "இன்றிலிருந்து நான்தான் எம்.டி." என்பான், அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். எந்தத் தீர்மானத்தின்படி என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார். அந்த அலுவலகத்தில் கணக்காளர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

இங்கே ஆணவம் பிறவிக்குணமாகக் காட்டப்படுகிறது. மூத்தவன் பிறக்கும்போதே அப்படி. மருமகள் வரும்போதே அப்படி. 'ஈகோ' என்று வசனத்தில் அடிக்கடி சொல்கிறார்களே தவிர, அது எங்கிருந்து வந்தது, எதை உண்டு வளர்ந்தது என்று காட்ட ஒரு காட்சிகூட ஒதுக்கப்படுவதில்லை. நான் பார்த்த குடும்பங்களில் ஆணவம் அப்படி வரவில்லை.

ஒரு குடும்பத்தை மட்டும் சொல்கிறேன். தந்தை உயில் எழுதாமல் இறந்துபோனார். தாயும் மகளும் தங்கள் பங்குக்கு ஈடாகப் பணம் பெற்றுக்கொள்ள இசைந்துவிட்டார்கள். எஞ்சிய மூன்று கிடங்குகள், இரண்டு லாரிகள், வரவேண்டிய பாக்கிகள் ஆகியவற்றை இரண்டு மகன்களும் எங்கள் அலுவலக மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிற்பகலில் பிரித்துக்கொண்டார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளைகளா என்று நாங்களே வியந்துபோனோம். ஆனால் அதன்பிறகு ஒன்பது மாதங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்து விழவில்லை. அதற்குக் காரணம் ஒரு தொலைபேசி எண். தந்தை நெடுங்காலம் வைத்திருந்த எண் அது. சரக்கு அனுப்புகிறவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். அந்த அழைப்பை எவர் எடுத்துப் பேசுகிறாரோ அவரே தந்தையின் இடத்தில் இருப்பவர் என்பது அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

இளையவர் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "கிடங்கு மூன்றையும் வேண்டுமானாலும் அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் சார். கடைசி நாலு வருஷம் அப்பா என்னைத்தான் அந்த ஃபோனை எடுக்கச் சொன்னார்." மூத்தவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வந்து அந்தக் கிடங்கில் மூட்டை எண்ணத் தொடங்கியவர் அவர். 'எனக்குப் பிறகு நீதான்' என்று தந்தை அன்றே சொல்லியிருந்தாராம். இருவர் சொன்னதும் உண்மை. தந்தை இருவரையும் தனித்தனியே நம்பவைத்திருந்தார் என்பதும் உண்மை. அவர் உயிரோடு இருந்தவரை அந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

தொடர்களில் இப்படிப்பட்ட தந்தைக்கு என்ன கிடைக்கிறது? சுவரில் ஒரு படமும் அதற்கு ஒரு மாலையும் கிடைக்கின்றன. நல்ல மகன் அந்தப் படத்தின் முன் நின்று அழுவான். கெட்ட மகன் அந்தப் படத்தைப் பார்த்துச் சவால் விடுவான். படத்தில் இருப்பவரைப் பார்த்து, 'ஐயா, நீங்கள் உயிரோடு இருந்தபோது இவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?' என்று கேட்க யாரும் இல்லை. மூத்தவன் வில்லன், மருமகள் வில்லி, பங்காளி சூழ்ச்சிக்காரன். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் மட்டும் தெய்வம்.

பெரியவர்கள் ஏன் சொல்லுவதில்லை என்பது சொத்தைவிடச் சுவையான விஷயம். அடுத்தவர் யார் என்று அறிவித்த மறுநாளே, வங்கி மேலாளரிலிருந்து வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோரும் அந்த அடுத்தவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளப் பெரிய மனது வேண்டும். ஆகவே, "பார்க்கலாம், நேரம் வரும்போது சொல்கிறேன்" என்பார்கள். அந்தப் 'பார்க்கலாம்' ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஒவ்வொரு விதமாக விழும். மூத்தவனுக்கு அது உறுதிமொழி. இளையவனுக்கு அது வாய்ப்பு. மகளுக்கு அது மறுப்பு. பத்து ஆண்டுகள் அந்தச் சொல்லைக் கேட்டுக் காத்திருப்பவன் எப்படி ஆவான் என்று எழுதத் தெரிந்த ஓர் எழுத்தாளருக்கு, பால் டம்ளரில் மாத்திரை கலக்கும் காட்சியே தேவைப்படாது.

வெளிநாட்டுத் தொடர்களை ஒப்பிட்டு நம்மைத் தாழ்த்துவது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். 2018 முதல் 2023 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'சக்ஸஷன்' என்ற தொடரின் கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது: செய்தி நிறுவன முதலாளி ஒருவர் தனக்குப் பின் யார் என்பதைக் கடைசிவரை தெளிவாகச் சொல்லாமல் பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடுகிறார். அங்கே பழி தந்தையின் தலையில்தான் முதலில் விழுகிறது. அந்தத் தொடர் 39 பகுதிகளில் முடிந்துவிட்டது. நம் ஊரில் 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. எண்ணிக்கையைச் சொல்லிக் கேலிசெய்யவில்லை. அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் வாரத்தில் ஐந்து ஆறு நாட்கள், ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய தொடரில் சண்டை தீர்ந்துவிட்டால் கதையே முடிந்துவிடும் என்பதால், சண்டைக்குக் காரணம் காட்டுவதைவிடச் சண்டையை நீட்டுவதே எழுத்தாளரின் வேலையாகிவிடுகிறது. காரணம் தெரிந்தால் தீர்வும் தெரிந்துவிடுமல்லவா? வாரந்தோறும் வரும் பார்வையாளர் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே எழுதவேண்டிய அவர்கள் நிலையும் எனக்குப் புரியாமல் இல்லை.

சண்டையை நீட்டுவதற்குத் தொடர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, காகிதத்தைக் கடவுளாக்குவது. பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொத்து என்ற ஒரு தனிச் சட்டம் தொடர்களில் நடைமுறையில் இருக்கிறது. இதைப் பார்க்கும்போது என் மனைவி என்னைக் கேள்வி கேட்பதும் நான் விளக்கம் சொல்வதும், அதற்குள் விளம்பரம் வந்துவிடுவதும் எங்கள் வீட்டு வழக்கம். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்திடவேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிடவேண்டும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்துவிட்டால் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கும். பீரோவை உடைத்து மூலத்தைக் கொளுத்தினாலும் உயில் மறைந்துவிடாது. மிரட்டியோ ஏமாற்றியோ எழுதி வாங்கிய உயில் செல்லாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அசையாச் சொத்தைத் தானமாக எழுதிக்கொடுப்பதென்றால் பதிவு கட்டாயம். மயங்கிக் கிடப்பவரின் விரலைப் பிடித்து வீட்டுக் கட்டிலில் வைத்து முடித்துவிடக்கூடிய காரியம் அன்று அது. இன்னொரு வேடிக்கை, தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் 'பவர்' பத்திரம். தொடர்களில் அது பெரியவர் இறந்த பிறகுதான் முழு வீரியத்தோடு வேலைசெய்யத் தொடங்குகிறது. உண்மையில், எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் பொதுவாக அவரோடு முடிந்துவிடும்.

பெரியவர் ஏமாந்து எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கும் காட்சி வராத தொடர் இல்லை. முதியோரைப் பராமரிப்பதற்கென 2007-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கடைசிவரை கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கும் வழியைத் திறந்துவைத்திருக்கிறது. தொடர் பார்க்கும் முதியவர்களில் எத்தனையோ பேருக்குப் பயன்படக்கூடிய செய்தி இது. கண்ணீர்க் காட்சியின் நடுவே ஒரு வக்கீல் கதாபாத்திரம் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். தொடர்களில் வரும் வக்கீல்கள் கோப்பைத் திறந்து அதிர்ச்சி அடைவதைத் தவிர வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மகள்கள் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. 'கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று, அவளுக்கு என்ன பங்கு?' என்ற வசனத்தை இன்றைய தொடர்களிலும் கேட்கிறோம். வில்லன் சொன்னால் சரி. வீட்டின் நல்லவர்களும் மறுக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். முன்னோர் வழியில் வந்த பிதிரார்ஜிதச் சொத்தில், அப்போது திருமணமாகாதிருந்த மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் திருமணமான மகளையும் சேர்த்துக்கொண்டது. தந்தை 2005-இல் உயிரோடு இருந்திருக்கவேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில், இல்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று சொல்லித் தீர்த்துவைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் தொடரின் மகள் பங்கு கேட்டால் பேராசைக்காரி, கேட்காமல் விட்டுக்கொடுத்தால் குலவிளக்கு. பங்கு கேட்டுப் பெற்றுக்கொண்டு அண்ணனோடும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும் மகள்களை நான் எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். தொடரில் இதுவரை பார்க்கவில்லை.

'வாரிசு' என்ற சொல்லையே தொடர்கள் குறுக்கிவிட்டன. அங்கே வாரிசு என்றால் ஆண்பிள்ளை. அதிலும் முதல் பேரன். எந்த மருமகளுக்கு முதலில் ஆண்குழந்தை பிறக்கிறதோ அந்தக் கிளைக்கே சொத்து என்று பெரியவர் அறிவிப்பதும், பிறகு ஐம்பது அறுபது பகுதிகளுக்குக் கர்ப்பத்தைச் சுற்றியே சூழ்ச்சி நடப்பதும் எத்தனை முறை வந்துவிட்டன! தாத்தா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்போது பேரனுக்கு என்று எந்தப் பங்கும் கிடையாது. அவர் விரும்பினால் பேரனுக்கு எழுதலாம், பேத்திக்கு எழுதலாம், கோயிலுக்கும் எழுதலாம். ஒரு பெண்ணின் வயிற்றைப் பங்குப் பத்திரமாக்கிவிட்டு, அந்த அறிவிப்பைச் செய்தவரைக் குடும்பத் தலைவர் என்று வணங்குவதுதான் எனக்கு விளங்கவில்லை.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். என் பிழைப்பு அதுதான் என்பதால் சற்று நீட்டினால் பொறுத்துக்கொள்ளவேண்டும். நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநர் நாற்காலி, தந்தையின் சாய்வுநாற்காலியைப் போல மகனுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. தந்தையின் பங்குகள் வாரிசுகளுக்கு வரும், பதவி வராது. பதவியை இயக்குநர் குழுதான் கொடுக்கவேண்டும். 2013-இன் கம்பெனிகள் சட்டப்படி இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு வழக்கமாக 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள். ஓர் இயக்குநரை நீக்குவதென்றாலும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும். சிறுபான்மைப் பங்குதாரர் தான் நசுக்கப்படுவதாக நினைத்தால், பத்தில் ஒரு பங்கு கையில் இருந்தாலே 2016 முதல் இயங்கிவரும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இதெல்லாம் வறட்டுச் சட்டம், நாடகத்துக்கு உதவாது என்று தொடர் எழுதுபவர்கள் நினைப்பார்களானால் அது தவறு. 7 நாள் முன்னறிவிப்பு என்றால், வீட்டில் ஒரே கூடத்தில் சாப்பிடும் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் ஏழு இரவுகள். அந்த ஏழு இரவுகளில் அத்தை யார் பக்கம், சித்தப்பாவின் 5 சதவீதம் யார் பக்கம், தாய் வாக்களிக்க வருவாளா அல்லது உடம்பு சரியில்லை என்று இருந்துவிடுவாளா என்ற கேள்விகள் இருக்கின்றன. தபாலில் வரும் ஓர் அறிவிப்புக் கடிதத்தில், 'அன்புள்ள அண்ணா' என்று எழுதிப் பழகிய தம்பி, முதல்முறையாக 'ஐயா' என்று எழுதியிருப்பதைப் படிக்கும் அண்ணனின் முகத்தைக் காட்டினால் போதாதா? இதைவிடப் பெரிய இடியோசைப் பின்னணி இசை வேண்டுமா?

இதற்குச் சான்று உண்மை வாழ்க்கையிலேயே இருக்கிறது. திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதிவைக்காமல் காலமானார். 2004 நவம்பரில் மகன்களின் பிணக்கு வெளியே வந்துவிட்டது. 2005 ஜூனில் தொழில்களைப் பிரித்து உடன்பாட்டை அறிவித்தவர் அவர்களுடைய தாயார் கோகிலாபென். நம் தொடர்களில் அந்த இடத்தில் தாய் என்ன செய்வாள்? சுவாமி படத்தின் முன் நின்று, 'என் பிள்ளைகளைச் சேர்த்துவை' என்று விளக்கேற்றுவாள். காற்றடித்து விளக்கு அணையும்.

நமக்கு இன்னும் அருகில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட முருகப்பா குழுமத்தில் நடந்ததும் பத்திரிகைகளில் விரிவாக வந்ததுதான். முன்னாள் செயல் தலைவர் ஒருவர் 2017-இல் மறைந்தார். அவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள். மனைவியும் மகள்களுமாக அவர்கள் கையில், குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தில் 8 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு. இயக்குநர் குழுவில் ஓர் இடம் வேண்டும் என்று மூத்த மகள் கேட்டார். 2020-இல் பங்குதாரர் கூட்டத்தில் வாக்கெடுப்பு அவருக்கு எதிராக முடிந்தது. விஷயம் வழக்காகி, 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிப்பு வந்தது. இதில் யார் சரி, யார் தவறு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் கவனித்தது ஒன்றுதான்: அவர் கேட்டது ஒரு நாற்காலி. பணத்தை மட்டும் பேசியிருந்தால் ஒருவேளை அவ்வளவு செய்தியாகியிருக்காது. நாற்காலி என்பதால்தான் நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது.

எல்லாத் தொடர்களையும் ஒரே தராசில் நிறுக்க நான் விரும்பவில்லை. 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் வீட்டையே மிரட்டி வைத்திருக்கும் மூத்தவரின் அதிகாரம், ஒரு மூதாட்டியின் பெயரில் இருக்கும் 40 சதவீதப் பங்கின் முன்னால் தடுமாறுவதைக் காட்டினார்கள். அவ்வளவு சத்தம் போடுகிற மனிதர், வாய் திறந்து அதிகம் பேசாத ஒரு கிழவியின் கையெழுத்துக்காகத் தவித்ததைப் பார்த்தபோது, எங்கள் அலுவலகத்தில் பார்த்த எத்தனையோ முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அதிகாரம் என்பது மீசையிலும் குரலிலும் இல்லை, பங்குதாரர் பதிவேட்டில் எழுதியிருக்கும் எண்ணில் இருக்கிறது என்று மக்களுக்குப் புரியும்படி சொன்ன இடம் அது. தெருவெல்லாம் அந்த 40 சதவீதத்தைப் பற்றிப் பேசியது. சரியான விவரம் கதையைக் கெடுக்காது என்பதற்கு இதற்குமேல் என்ன சொல்ல?

நம் மொழியில் இந்தச் சண்டைக்கு மிகப் பழைய சொற்கள் இருக்கின்றன. பங்காளி என்றால் பங்கு உடையவன் என்றுதான் நேர்ப்பொருள். ஆனால் பங்காளிக் காய்ச்சல் என்றால் அது எந்தக் காய்ச்சல் என்று குழந்தைக்கும் தெரியும். பெற்ற பிள்ளைகளோடு போருக்கு எழுந்த அரசனின் கதையும் நம்மிடம் இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் மேல் படையெடுக்கப் புறப்பட்டபோது புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்துப் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு வருகிறது. உன்னோடு போரிட வந்திருப்பவர்கள் பகைவர்கள் அல்லர். நீ வென்றால் இந்தச் செல்வத்தை யாருக்கு விட்டுச்செல்வாய், நீ தோற்றால் உன் பகைவர்கள் அல்லவா மகிழ்வார்கள் என்பது அந்தப் பாட்டின் கருத்து. புலவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் புத்தி சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். படையோடு நின்ற தகப்பனைப் பார்த்துத்தான் சொன்னார். போர் நின்றது, அவன் பிறகு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் இருந்து, உயிர்நீத்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவருக்கு இருந்த துணிவு, இன்றைய கதை இலாகாவில் ஒருவருக்காவது வரக்கூடாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தொடரை எழுதப்போகிறவர், முதல் பகுதியிலேயே பெரியவரைச் சாகடித்துச் சுவரில் மாட்டிவிடாமல், ஒரு நூறு பகுதிகளாவது அவரை உயிரோடு வைத்து, அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே என்ன சொன்னார் என்பதைக் காட்டட்டும். மூத்தவனிடம் சொன்னதையும் இளையவனிடம் சொன்னதையும் மகளிடம் சொல்லாமல் விட்டதையும் பார்த்த நேயர், பிறகு மூத்தவன் கத்தும்போது அவனை வெறுக்கமாட்டார். அவன் எதற்காகக் கத்துகிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மருமகள்களுக்கும் அதே நியாயத்தைச் செய்யட்டும். கணவனின் இடம் நிலையில்லாத வீட்டில், இருபது ஆண்டுகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் ஒருத்தி, சாவிக்கொத்தின் மேல் கண் வைப்பதைப் பேராசை என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது சோம்பேறித்தனம்.

இதை எழுத உட்காருவதற்கு முன்பு என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன் என்பதைச் சொல்லிவிடவேண்டும். ஊருக்கு உபதேசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? சென்ற மாதம் உயில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவும் செய்துவிட்டேன். மகனையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து வரி விடாமல் படித்துக்காட்டினேன். வீட்டைப் பற்றியோ வைப்புத்தொகையைப் பற்றியோ இருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் தந்தை கடை நடத்திய காலத்தில் வைத்திருந்த மரக் கல்லாப்பெட்டி ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பூட்டு வேலை செய்யாது. விற்றால் விறகு விலைகூடத் தேறாது. ஆகவே உயிலில் அதை எழுதவில்லை. அது யாருக்கு அப்பா என்று மகள் கேட்டாள். அதுவரை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகன் தலைநிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்